பசி போய்விட்டதாம்!

வெஸ்ட் இண்டீஸ் எங்கே தோற்றாலும் நம் ஊரில் ஓர் ஒப்பாரி தயாராக இருக்கும். "எப்பேர்ப்பட்ட டீம் சார் அது!" என்று எடுப்பார்கள். ஹெல்மெட் இல்லாமல் சூயிங்கம் மென்றபடி ரிச்சர்ட்ஸ் நடந்துவந்த கதை வரும். ஹோல்டிங் ஓடிவரும் காலடிச் சத்தம் நடுவருக்கே கேட்காது என்ற கதை வரும். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் தீர்ப்பு: "இப்ப இருக்கற பசங்களுக்குப் பசி இல்லை. அமெரிக்கா டிவி, பேஸ்கட்பால், பார்ட்டி. டி20-ல நாலு சிக்ஸ் அடிச்சா கோடிக்கணக்குல காசு. நாட்டுக்காக எவன் ஆடப்போறான்?"

2025 ஜூலை 14 அன்று கிங்ஸ்டன் சபைனா பார்க்கில் ஆஸ்திரேலியாவிடம் 27 ரன்னில் சுருண்டபோது இந்தத் தீர்ப்புக்கு முத்திரையும் குத்தியாயிற்று. மொத்தம் 14.3 ஓவர். ஏழு பேர் முட்டை. மிட்செல் ஸ்டார்க் தன் முதல் 15 பந்துகளுக்குள் ஐந்து பேரை அனுப்பிவிட்டார். டெஸ்ட் வரலாற்றில் இதைவிடக் குறைந்த ஸ்கோர் ஒன்றே ஒன்றுதான். 1955-இல் நியூசிலாந்து எடுத்த 26. வாரியம் பதறிப்போய் லாயிட், ரிச்சர்ட்ஸ், லாரா மூவரையும் ஆலோசனைக்கு அழைத்தது. நம் ஒப்பாரிக்காரர்களோ ஆலோசனை எதுவும் தேவையில்லை, நோய் என்னவென்று முப்பது ஆண்டுகளாக எங்களுக்குத் தெரியும் என்றார்கள்.

அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சொல்லும் நோய் அந்த அணிக்கு இல்லை. இருக்கிற நோயின் பெயரைச் சொன்னால் அது நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதால், இந்தப் பழைய தீர்ப்பே நமக்கு வசதியாகவும் இருக்கிறது.

முதலில் அந்தக் கூடைப்பந்தை எடுத்துக்கொள்வோம். கேபிள் தொலைக்காட்சி கரீபியன் வீடுகளில் பரவியது எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும். 1980 முதல் 15 ஆண்டுகள், 29 தொடர்கள் ஒன்றிலும் தோற்காமல் இருந்த அணி 1995-இல் சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அந்த அணியில் இருந்தவர்கள் யார்? ரிச்சி ரிச்சர்ட்சன், வால்ஷ், அம்ப்ரோஸ், ஹூப்பர், லாரா. அத்தனை பேரும் அறுபதுகளில் பிறந்தவர்கள். கேபிள் வருமுன் மட்டை பிடித்தவர்கள். பாகிஸ்தானில் 3–0, தென்னாப்பிரிக்காவில் 5–0 என்று தோற்றபோதும், 1999-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 51 ரன்னில் சுருண்டபோதும் இந்தத் தலைமுறைதான் ஆடியது. 2004-இல் இதே சபைனா பார்க்கில் ஹார்மிசனின் 7 விக்கெட்டுக்கு 47 ரன்னில் அவுட் ஆன அணிக்குத் தலைவர் லாரா. மைக்கேல் ஜோர்டனைப் பார்த்து மயங்கிப்போன சிறுவர்கள் அணிக்குள் வருமுன்பே சரிவு முக்கால் பங்கு முடிந்துவிட்டது.

இன்னொன்று. கர்ட்லி அம்ப்ரோஸுக்குச் சிறுவயதில் பிடித்த ஆட்டமே கூடைப்பந்துதான். ஆன்டிகுவாவின் ஸ்வீட்ஸ் கிராமத்தில் அந்த வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் அவருடைய அம்மாவுக்குத்தான். பிற்காலத்தில் மகன் விக்கெட் எடுக்கும்போதெல்லாம் வானொலியை விட்டு எழுந்து வெளியே வந்து மணி அடிப்பாராம் அந்த அம்மா. கூடைப்பந்தைக் காதலித்தவர் 405 டெஸ்ட் விக்கெட் எடுத்திருக்கிறார் என்றால், அந்தப் பாவப்பட்ட பந்தை விட்டுவிடலாம்.

கரீபியன் இளைஞர்களே விளையாட்டில் தளர்ந்துவிட்டார்கள், மண்டலமே சோம்பிப்போய்விட்டது என்ற பேச்சையும் சேர்த்தே விட்டுவிடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 100 மீட்டர் தங்கம் வாங்கியவர் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட். நம் ஊர் நடுத்தர நகராட்சி ஒன்றின் மக்கள்தொகைதான் அந்தத் தீவுக்கு. அதே ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டுதலில் தங்கம் வென்ற தியா லஃபாண்ட், அதனினும் சிறிய டொமினிக்காக்காரர். 2012-இல் கிரெனடாவுக்கு கிரானி ஜேம்ஸ். ஜமைக்காவைச் சொல்லவே வேண்டாம். போல்ட் பள்ளியில் கிரிக்கெட் ஆடியவர். இவன் ஓட வேண்டியவன் என்று கண்டுபிடித்ததே கிரிக்கெட் பயிற்சியாளர்தான். ஜமைக்காவில் 1910 முதல் பள்ளிகளுக்கிடையே 'சாம்ப்ஸ்' தடகளப் போட்டி நடக்கிறது. தேசிய அரங்கம் நிரம்பி வழியும். உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்க 1980-இல் கியூபா கட்டிக்கொடுத்த ஜி.சி. ஃபாஸ்டர் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்கள் பள்ளிதோறும் பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள். திறமையுள்ள குழந்தை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஓடிப்போகாமல் உள்ளூரிலேயே பயிற்சி பெற 1999 முதல் எம்விபி போன்ற கழகங்கள் இருக்கின்றன. அதே தீவு, அதே பையன்கள், அதே டிவி. ஏணி இருக்கும் இடத்தில் ஏறுகிறார்கள்.

அடுத்தது பணம். தீர்ப்பின் உயிர்நாடி இதுதான்: அன்றைக்குப் பெருமைக்காக ஆடினார்கள், இன்றைக்குக் காசுக்காக ஆடுகிறார்கள்.

அன்றைக்கு எப்படி ஆடினார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். லியரி கான்ஸ்டன்டைன் 1929-இல் இங்கிலாந்தின் நெல்சன் கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடப்போனார், 1937 வரை அங்கேயே ஆடினார். அவருக்குப் பின் மூன்று 'டபிள்யூ'க்களும் அதே லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில்தான் பிழைத்தார்கள். வொரெல் ராட்கிளிஃபில், வீக்ஸ் பேக்கப்பில், வால்காட் என்ஃபீல்டில். 1968-இல் கவுன்டி அணிகள் வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவைத் திறந்தன. அதற்குப் பிறகு வந்த வரிசையைப் பாருங்கள்: சோபர்ஸ் நாட்டிங்ஹாம்ஷயர், லாயிட் லங்காஷயர், ராபர்ட்ஸ், கிரீனிட்ஜ், மார்ஷல் ஹாம்ப்ஷயர், ரிச்சர்ட்ஸ், கார்னர் சாமர்செட், காளிச்சரண் வார்விக்‌ஷயர், ஹோல்டிங் டெர்பிஷயர், வால்ஷ் குளஸ்டர்ஷயர். ஆண்டுக்கு ஐந்து மாதம், வாரம் ஆறு நாள், ஈர ஆடுகளத்திலும் காய்ந்த ஆடுகளத்திலும் முழுநேர வேலையாக அவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தது கரீபியன் வாரியம் அல்ல, ஆங்கிலேய கவுன்டிகள். 1972-இல் ரிச்சர்ட்ஸையும் ராபர்ட்ஸையும் லண்டனில் ஆல்ஃப் கோவரின் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்ப ஆன்டிகுவாக்காரர்கள் வசூல் செய்து காசு திரட்டினார்கள். குளிர்காலத்து லண்டனில் கையுறைக்குள் விரல் விறைக்க நின்று, காலை எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டுதான் ரிச்சர்ட்ஸ் ரிச்சர்ட்ஸ் ஆனார். நம் ஊரில் இதைப் 'பிறவித் திறமை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

அந்தச் சொல்லில் ஓர் இனவாத நெடி இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெயித்தால் பிறவி பலம், தோற்றால் பிறவி ஒழுங்கின்மை. உழைப்பு என்ற ஒன்று நடுவில் வருவதே இல்லை. 1975–76-இல் லாயிடின் அணி ஆஸ்திரேலியாவில் 5–1 என்று நொறுங்கியது. அப்போதும் இதே பாட்டுதான்: ஆடிப்பாடும் கலிப்சோக் கூட்டம், அழுத்தம் வந்தால் சிதறும். அதே அணியைப் பத்தாண்டுக்குள் இரும்பாக்கியதில் பெரிய பங்கு கெர்ரி பேக்கரின் காசுக்கு உண்டு. 1977-இல் அவர் தொடங்கிய தனியார் தொடரில் லாயிட் முதலானோர் கையெழுத்திட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கிரிக்கெட்டுக்குக் கௌரவமான சம்பளம் பார்த்தார்கள். டென்னிஸ் வெயிட் என்ற ஆஸ்திரேலிய உடற்பயிற்சியாளர் அங்கேதான் அணியோடு சேர்ந்தார். ஓடவிட்டு, நீட்டி மடக்கி, உலகத்திலேயே உடல்தகுதி மிக்க அணியாக மாற்றினார். 1978-இல் பேக்கர் வீரர்கள் சிலரை வாரியம் ஒதுக்கியபோது லாயிட் தலைமைப் பதவியைத் தூக்கியெறிந்தார். மற்ற பேக்கர் வீரர்களும் கயானா டெஸ்டுக்கு வராமல் வெளிநடப்புச் செய்தார்கள். நாட்டை விட்டுக் காசுக்குப் போன 'கூலிப்படை' என்று இன்று யாரைத் திட்டுகிறோமோ, அந்த வேலையைச் செய்தவர்கள்தான் அன்றைய தங்கத் தலைமுறை. அவர்கள் காசுக்கும் ஆடினார்கள், பெருமைக்கும் ஆடினார்கள். இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருக்க இடமுண்டு.

பேக்கர் கடை மூடியது. கவுன்டிகளும் எண்பதுகளில் கதவைச் சாத்தத் தொடங்கின. தொண்ணூறுகளில் ஓர் அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டவர் என்று ஆனது. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, தங்கள் பையன்களை வளர்க்க நினைத்தார்கள். ஆனால் அந்தக் கதவு சாத்தப்பட்டதும் கரீபியன் கிரிக்கெட்டின் கல்லூரி மூடப்பட்டது. யார் காசிலோ நடந்த கல்லூரி அது. அதற்குப் பதிலாகச் சொந்தமாக ஒன்றைக் கட்டும் பணம் தீவுகளிடம் இல்லை. பணத்தைத் தேடும் புத்தி வாரியத்திடம் இல்லை.

இதற்கு எனக்குக் கிடைக்கும் பெரிய சாட்சி, அந்த அணியின் பந்துவீச்சுக்கும் மட்டைவீச்சுக்கும் இடையே உள்ள இடைவெளி. ஷமார் ஜோசப் என்ற பையனின் ஊர் கயானாவில் பராகரா. கன்ஜே ஆற்றில் படகில் போனால்தான் அந்த ஊர் வரும். அப்பாவோடு மரம் வெட்டியவன். கொய்யாவையும் எலுமிச்சையையும், உருக்கி உருட்டிய பிளாஸ்டிக் பாட்டிலையும் பந்தாக வீசிப் பழகியவன். நியூ ஆம்ஸ்டர்டாமில் காவலாளி வேலை பார்த்தவன். 2023-இல் முதல்தரப் போட்டிக்கு வந்தான். 2024 ஜனவரியில் அடிலெய்டில் தன் முதல் டெஸ்டின் முதல் பந்திலேயே ஸ்டீவ் ஸ்மித்தை அவுட் ஆக்கினான். அடுத்த டெஸ்ட் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில். ஸ்டார்க்கின் யார்க்கர் கால்விரலை நசுக்கியது. மைதானத்தை விட்டுக் கைத்தாங்கலாகப் போனான். மறுநாள் விரலில் கட்டோடு வந்து 11.5 ஓவர் வீசி 68 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தான். 8 ரன் வித்தியாசத்தில் வெற்றி. 1997-க்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி. வர்ணனை அறையில் லாரா அழுதேவிட்டார். ஹேஸல்வுட்டின் ஸ்டம்ப் பறந்ததும் அந்தப் பையன் எல்லைக்கோட்டை நோக்கி ஓடிய ஓட்டத்தை இப்போது பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பசி இல்லை என்றவர்கள் அன்று என்ன சொன்னார்கள்? "பாத்தியா, பசி இருந்தா முடியுது!" என்றார்கள். ஒரே அணி, ஒரே மண்டலம். பந்து வீசுகிறவனுக்கு மட்டும் பசி எடுத்து, மட்டை பிடிக்கிறவனுக்கு எடுக்காமல் போகுமா? ஜேடன் சீல்ஸும் அல்சாரி ஜோசப்பும் எந்த அணியிலும் இடம்பிடிக்கக்கூடிய வேகங்கள். மட்டையாளர்களில் அப்படிச் சொல்ல ஷாய் ஹோப்புக்குப் பிறகு யோசிக்க வேண்டியிருக்கிறது. காரணம் வயிற்றில் இல்லை. வேகப்பந்துவீச்சாளன் ஆற்றங்கரையில் கொய்யாவை வீசியும் உருவாகலாம். அது லட்சத்தில் ஒருவனுக்கு வாய்க்கும். டெஸ்ட் மட்டையாளன் அப்படி உருவாக மாட்டான். அவனுக்குப் பந்து ஒழுங்காக எழும்பும் ஆடுகளம் வேண்டும், நாள் முழுக்கப் பந்துவீச ஆள் வேண்டும், தவறைப் பார்த்துச் சொல்ல ஆசிரியர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இன்னிங்ஸ் வேண்டும். ஆண்டுக்கு ஐந்து மாதம், வாரம் ஆறு நாள் ஆட வாய்ப்பிருந்த கவுன்டிக் காலத்தை, 2024-இல் ஏழே சுற்று நடந்த உள்ளூர் நான்கு நாள் போட்டியோடு வைத்துப் பாருங்கள். ஒரு மட்டையாளனுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 14 இன்னிங்ஸ். அதுவும் தளர்ந்த ஆடுகளங்களில்.

ஏன் ஏழு சுற்று? ஏனென்றால் இங்கே ரஞ்சிக்கு ரயில் ஏறுவது போல் அங்கே போக முடியாது. ஜமைக்காவிலிருந்து கயானாவுக்கு அணியை அனுப்புவது, சென்னையிலிருந்து டெல்லி போவதைவிட நீண்ட விமானப் பயணம். நாடு விட்டு நாடு. தீவுகளை இணைத்துவந்த லியாட் விமான நிறுவனம் 2020-இல் நொடித்துப்போனது. வெஸ்ட் இண்டீஸ் என்பது ஒரு நாடே அல்ல என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 15 அளவிலான நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும், ஆறு வட்டார வாரியங்கள், வெவ்வேறு நாணயம், வெவ்வேறு பிரதமர்கள். மொத்த மக்கள்தொகையே சென்னைப் பெருநகரத்தை எட்டாது. பார்படாஸின் பரப்பு 430 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சி 426. அந்த ஒரு மாநகராட்சிப் பரப்பிலிருந்துதான் சோபர்ஸ், மூன்று டபிள்யூக்கள், ஹால், கிரிஃபித், கார்னர், மார்ஷல், கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ் எல்லோரும் வந்தார்கள். அவர்கள் உச்சியில் இருந்ததுதான் ஆச்சரியம். ஏன் விழுந்தார்கள் என்று கேட்பதற்கு முன், அவ்வளவு காலம் எப்படி நின்றார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"நியூசிலாந்து மட்டும் எப்படி?" என்று ஒரு கேள்வி உடனே வரும். நல்ல கேள்வி, இந்த வாதத்தில் எதிர்த்தரப்பின் ஒரே உருப்படியான கேள்வியும் இதுதான். அங்கும் அரைக்கோடி மக்கள்தான், ஐசிசி தரும் பங்கும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனாலும் 2021-இல் டெஸ்ட் சாம்பியன் ஆனார்கள், 2024-இல் இந்தியாவை இந்தியாவிலேயே 3–0 என்று வென்றார்கள். நிர்வாகம் நன்றாக இருந்தால் சிறிய இடமும் நிமிரலாம் என்பதற்கு அது சான்று. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அது ஒரே நாடு, ஒரே அரசு, உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று. பள்ளிதோறும் மைதானமும் அதற்கு வரிப்பணமும் உண்டு.

நியூசிலாந்தைப் பற்றிப் பேச்செடுத்ததால் இன்னொன்றையும் கேட்கிறேன். 2022-இல் டிரென்ட் போல்ட் வாரிய ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டார். 2024-இல் வில்லியம்சன் ஒப்பந்தம் வேண்டாம் என்றார், கான்வேயும் சொன்னார். லீக் ஆட்டங்களுக்கு நேரம் ஒதுக்கத்தான். நம் பத்திரிகைகள் அதை 'குடும்பம், பணிச்சுமை, பக்குவமான முடிவு' என்று எழுதின. 2025-இல் 29 வயது நிக்கலஸ் பூரன் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது அதே பேனாக்கள் 'பணத்தாசை' என்றன. வில்லியம்சன் செய்தால் விவேகம், டிரினிடாட்காரர் செய்தால் பேராசையா? இதில் நம் சென்னைக்கு மட்டும் ஒரு தனிச்சுவை உண்டு. ஆறேழு ஆண்டு சேப்பாக்கத்தில் டுவைன் பிராவோ விக்கெட் எடுத்து ஆடியபோது கூடவே ஆடியவர்கள் நாம். அந்த மஞ்சள் சட்டையைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து, வெஸ்ட் இண்டீஸ்காரனுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று புலம்புகிறோம். அந்தச் சட்டையைக் காசு கொடுத்துப் போட்டுவிட்டது யார்?

வாரியத்தை நான் காப்பாற்ற வரவில்லை. 2007 உலகக் கோப்பைக்காக ஆன்டிகுவாவில் சீனப் பணத்தில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய அரங்கம் கட்டினார்கள்; ரிச்சர்ட்ஸ் பெயரையே வைத்தார்கள். 2009 பிப்ரவரியில் இங்கிலாந்துடன் அங்கே டெஸ்ட். பத்துப் பந்து வீசியதும் ஆட்டம் நின்றது. ஓடிவரும் பந்துவீச்சாளரின் கால் கடற்கரை மணல்போலப் புதைந்தது. இரண்டே நாளில் பழைய மைதானத்தைத் தூசிதட்டி ஆட்டத்தை அங்கே மாற்றினார்கள். அதே காலத்தில்தான் ஆலன் ஸ்டான்ஃபோர்டு என்ற அமெரிக்கரை மீட்பராக நினைத்து வரவேற்றார்கள். 2008 நவம்பரில் ஒரே ஆட்டத்துக்கு 2 கோடி டாலர் வைத்தவர். சில மாதத்தில் மோசடி வழக்கில் மாட்டினார், இன்று 110 ஆண்டு சிறைத்தண்டனையில் இருக்கிறார். வாரிய நிர்வாகத்தைச் சீர்திருத்த 2007-இல் பேட்டர்சன் குழு, 2015-இல் கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான காரிகாமின் குழு, 2020-இல் வெஹ்பி குழு என்று அறிக்கைகள் வந்தன. காரிகாம் குழு வாரியத்தையே கலைக்கச் சொன்னது. 2017-இல் வாரியம் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. 2016-இல் டி20 உலகக் கோப்பையை வென்ற கையோடு ஈடன் கார்டன்ஸில் டேரன் சாமி பேசியது நினைவிருக்கலாம். அணி வந்து சேர்ந்தபோது சீருடையே இல்லை, மேலாளர்தான் கொல்கத்தாவில் அலைந்து ஏற்பாடு செய்தார் என்றார். அன்று பிற்பகலில்தான் பெண்கள் அணியும் அதே மைதானத்தில் உலகக் கோப்பை வென்றிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன் 19 வயதுக்குட்பட்டோர் அணி. ஒரே ஆண்டில் மூன்று கோப்பை. பசியில்லாத கூட்டம்!

ஆனால் வாரியத்தின் மேல் எல்லாவற்றையும் போட்டுவிட்டும் தப்ப முடியாது. 2024–27 காலத்துக்கான ஐசிசி வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு 38.5 விழுக்காடு, ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. வெஸ்ட் இண்டீஸுக்கு 4.6 விழுக்காட்டைச் சுற்றி. அதோடு, இரு நாட்டுத் தொடர் எங்கே நடக்கிறதோ, ஒளிபரப்புப் பணம் முழுவதும் அந்த வாரியத்துக்கே. வந்து ஆடும் அணிக்கு ஒன்றுமில்லை. காபா வெற்றியின் போது வாரியத் தலைமைச் செயல் அலுவலராக இருந்த ஜானி கிரேவ் இதை வெளிப்படையாகவே சொன்னார்: நான்கு மாதத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அணிகளை அனுப்ப 20 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தோம், திரும்பி வந்தது பூஜ்யம். ஷமார் ஜோசப்பின் அந்த ஏழு விக்கெட்டை உலகமே பார்த்தது. பார்த்ததற்கான காசு ஆஸ்திரேலிய வாரியத்துக்குப் போனது.

"இந்தியாதானே சம்பாதித்துக் கொடுக்கிறது, இந்தியா எடுத்துக்கொண்டால் என்ன?" இதுவும் தினமும் கேட்கும் வாதம். ஐபிஎல்லைப் பாருங்கள். அங்கே ஒளிபரப்பு வருமானத்தில் அணிகளின் பங்கு பெரும்பாலும் சமமாகவே பிரிகிறது. வீரர்களை வாங்க எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு. 2025-இல் 120 கோடி ரூபாய். சென்னைக்கும் மும்பைக்கும் ரசிகர்கள் அதிகம், எனவே 38 விழுக்காட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளட்டும் என்று பிசிசிஐ சொல்வதில்லை. சொன்னால் ஐந்தாம் ஆண்டில் போட்டி செத்துவிடும் என்று அதற்குத் தெரியும். வீட்டுக்குள் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த நியாயம், உலக மேசைக்குப் போனதும் மறந்துபோகிறது. 2023–27 ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்ற வாரியத்துக்கு ஐசிசி பங்கு அத்தியாவசியமே அல்ல. 2014-இல் இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் தங்களுக்குச் சாதகமாகப் பங்கீட்டை வளைத்தபோது முன்னால் நின்றவர் நம் சென்னைக்காரர் என். சீனிவாசன். 2017-இல் சஷாங்க் மனோகர் காலத்தில் கொஞ்சம் திருத்தப்பட்டது. 2023-இல் மீண்டும் பழைய பக்கமே சாய்ந்தது. ஒவ்வொரு முறையும் நம் செய்தித்தாள்கள் 'இந்தியாவுக்கு வெற்றி' என்றுதான் தலைப்பிட்டன.

அந்த 2014-இலேயே இன்னொன்றும் நடந்தது. சம்பளத் தகராறில் பிராவோ தலைமையிலான அணி தர்மசாலாவில் நான்காம் ஒருநாள் ஆட்டத்தோடு தொடரைப் பாதியில் விட்டுப் போனது. போனது தவறு என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிசிசிஐ கேட்ட நட்டஈடு சுமார் 4.2 கோடி டாலர். கரீபியன் வாரியத்தைக் குடும்பத்தோடு விற்றாலும் தேறாத தொகை.

இனி இந்த அணிக்கு என்ன வழி? ஆசைக்குப் பேச மாட்டேன். 2025 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் முல்தானில் வென்றார்கள். பாகிஸ்தானில் 1990-க்குப் பிறகு கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி. ஜூலையில் 27. ஆகஸ்டில் பாகிஸ்தானை ஒருநாள் தொடரில் வென்றார்கள், 1991-க்குப் பிறகு முதல்முறை. செப்டம்பரில் ஷார்ஜாவில் நேபாளத்திடம் டி20 தொடரை இழந்தார்கள். டிசம்பரில் கிறைஸ்ட்சர்ச்சில் 531 ரன் இலக்கை எதிர்த்து நான்காம் இன்னிங்ஸில் 163 ஓவருக்கு மேல் நின்று 6 விக்கெட்டுக்கு 457 எடுத்து டிரா செய்தார்கள். ஜஸ்டின் கிரீவ்ஸ் ஆட்டமிழக்காமல் 202. ஜூலையில் அந்த 27-இல் 11 எடுத்து அதிகபட்ச ஸ்கோர் அடித்தவரும் இதே கிரீவ்ஸ்தான். மனசில்லாதவன் 163 ஓவர் தாக்குப்பிடிக்கும் அணியில் இரட்டைச் சதம் அடிக்க மாட்டான். ஒரு மாதம் மலையும் மறுமாதம் மடுவுமாக இருப்பது ஆழமில்லாத அணியின் அடையாளம். இருவர் காயப்பட்டால் மூன்றாமவர் இல்லை, ஒருவர் தடுமாறினால் சொல்லித்தர இடமில்லை. இப்போதிருக்கும் ஏற்பாட்டில் அவர்கள் அவ்வப்போது ஒரு டெஸ்டை வென்று நம்மை அழவைப்பார்கள். தரவரிசையில் மேலே வர மாட்டார்கள். லாயிடும் ரிச்சர்ட்ஸும் நேரில் போய் எத்தனை ஆலோசனை சொன்னாலும் இதுதான் நிலை.

மாற வேண்டியவை ரகசியமல்ல. வந்து ஆடும் அணிக்கும் தொடர் வருமானத்தில் ஒரு பங்கு. ஐசிசி பங்கீட்டில் உள்ளூர் நான்கு நாள் கிரிக்கெட்டுக்கென்று தனியாக ஒரு தொகை, வாரியத்தின் கைக்குப் போகாமல் கணக்குக் காட்டிச் செலவழிக்கும்படி. ஐபிஎல் வீரர்களை அனுப்பும் வாரியங்களுக்குத் தரும் தொகையில் சிறு நாடுகளுக்குக் கூடுதல் எடை. இதில் எதுவும் தர்மம் அல்ல. எதிரில் ஆட ஆள் இருக்க வேண்டும் என்பதற்கான முதலீடு.

நடப்புப் பங்கீடு 2027-உடன் முடிகிறது. அடுத்த பங்கீட்டைப் பேசப்போகும் ஐசிசியின் தலைவர் நாற்காலியில் 2024 டிசம்பர் முதல் உட்கார்ந்திருப்பவர் ஜெய் ஷா. வெஸ்ட் இண்டீஸுக்காக உண்மையிலேயே கண்ணீர் விடுகிற இந்திய ரசிகர்கள், அந்தக் கோரிக்கையை அனுப்ப வேண்டிய முகவரி அது.